எந்தத் திரை அளவுக்கு வெப்சைட் டிசைன் செய்வது?

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கோ கொட்டாஞ்சேனையில் ஒரு டியூஷன் வகுப்புக்கோ வெப்சைட் செய்து கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் உங்கள் மேசையிலிருக்கும் பெரிய மொனிட்டரை மறந்துவிடுங்கள். காலி வீதியில் பஸ்ஸுக்குள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கைப் பெருவிரலால் சேலை விலை பார்க்கிறவருக்குத்தான் டிசைன்.

360 பிக்சல் அகலத்தில் தொடங்குங்கள். போன் பெட்டியில் 1080 என்று இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது திரையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. பிரவுசர் கணக்குப் பார்ப்பது சிஎஸ்எஸ் பிக்சலில், அதாவது வெப்சைட் அளவுகளுக்கான அலகில். ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்குள் திரையின் பல புள்ளிகள் அடங்கலாம். அந்தக் கணக்கில் பல ஆண்ட்ராய்டு போன்கள் 360 அல்லது 412தான். ஐபோன்களில் 375, 390, 393 வரும். 360இல் ஒழுங்காக நிற்பது இவற்றிலும் நிற்கும். அப்புறம் 320க்கும் சுருக்கிப் பாருங்கள். பழைய சின்ன ஐபோன்களின் அகலம் அது, அதோடு பார்வை குறைந்த ஒருவர் 1280 அகலத் திரையை 400 சதவீதம் பெருப்பித்தால் அவருக்கு மிஞ்சுவதும் அதே 320தான்.

வியூபோர்ட் மெட்டா டேக்கை, அதாவது பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்கே காட்டும்படி பிரவுசருக்குச் சொல்லும் எச்டிஎம்எல் வரியை, மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எறும்பளவுக்குச் சுருக்கிவிடும்.

நம் ஊரில் பெரிய சிக்கல் மொழி. மூன்று மொழித் தளங்களில் ஆங்கிலத்தில் டிசைனை முடித்துவிட்டு, கடைசி நேரத்தில் தமிழைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள், அப்போதுதான் எல்லாம் உடையும். 360இல் இரு ஓரமும் 16, நடுவில் 8 விட்டு இரண்டு பட்டன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 160 பிக்சல். அதற்குள் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று 16 பிக்சல் எழுத்தில் போட்டுப் பாருங்கள், முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே முதல் நாளே தமிழ் வாசகங்களை வைத்து டிசைன் செய்யுங்கள், சின்னத் திரையில் பட்டன்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள், பட்டனுக்கு நிலையான அகலமோ உயரமோ கொடுக்கவே வேண்டாம். வரி உயரம் எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் கீழே போனால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் நெருக்கியடித்துக்கொண்டு கண்ணை உறுத்தும்.

படிவப் பெட்டிகளில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி, தொட்டவுடன் பக்கத்தைத் தானாகப் பெருப்பித்துவிடும். தொடும் இடங்களுக்கு 48 பிக்சல் உயரம் கொடுத்தால் பெருவிரலுக்குச் சரி.

லேப்டாப்புக்கு 1366ஐயும் 1536ஐயும் பார்த்தால் போதும். 1920 திரையை விண்டோஸ் 125 சதவீதத்தில் வைத்திருந்தால் பிரவுசருக்குக் கிடைப்பது 1536தான், நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையில் எந்த அகலத்தில் டிசைனை மாற்றுவது என்று போன் மாடல்களைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். பிரவுசரை மெதுவாக அகட்டிக்கொண்டே போங்கள், எங்கே பக்கம் வெறிச்சோடித் தெரிகிறதோ அங்கே மாற்றுங்கள்.

கடைசியாக, கடைக்காரரின் போனையே வாங்கி, எழுத்து அளவைப் பெரிதாக்கி, வட்ஸ்அப்பில் லிங்கை அனுப்பித் திறந்து, ஓடர் படிவத்தை முழுதாக நிரப்புங்கள். கீபோர்ட் மேலே வந்து பாதித் திரையை மூடிய பிறகும் அடுத்த பெட்டி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.