பேரணிக்குச் சாலைத் திட்டம்: முடியும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

போக்குவரத்துக் காவலில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் பெரிய பேரணிகளுக்குச் சாலைத் திட்டம் போடுவதே என் வேலை. பொறுப்புக்கு வந்த புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வரைபடத்தை விரித்து, கூட்டம் கிளம்பும் இடத்தில் பென்சிலை வைத்தேன். இன்று என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு முதலில் சொல்வது, கூட்டம் முடியும் இடத்தில் பென்சிலை வையுங்கள் என்பதுதான்.

கிளம்பும் இடத்துக்கு மக்கள் சிறுகச் சிறுக வருகிறார்கள். முடியும் இடத்திலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பப் பார்க்கிறார்கள். கால் வலி, தாகம், தூங்கிவிட்ட குழந்தை, கூட வந்தவரைக் காணவில்லை என்ற பதற்றம், சார்ஜ் தீர்ந்த போன் எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுசேரும். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தவை.

முதலில் கணக்கு. 50,000 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதை 4 கிலோமீட்டர், நடக்கக் கிடைக்கும் அகலம் 10 மீட்டர். கோஷம் போட்டுக்கொண்டு, பதாகை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் சாதாரணமாக நடப்பதில் பாதி வேகத்தில்தான் போவார்கள். நொடிக்கு 60 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர் என்றால் வரிசையின் நீளம் 5 கிலோமீட்டர். பாதையைவிட வரிசை நீளம்! தலை ஏறத்தாழ 1 மணி 50 நிமிடத்தில் மைதானத்துக்குள் நுழையும்போது, வால் இன்னும் கிளம்பியே இருக்காது. வால் கிளம்ப 2 மணி 20 நிமிடம் ஆகும், போய்ச் சேர 4 மணி 10 நிமிடம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எல்லாத் துறைக்கும் கொடுங்கள். 'இரண்டு மணி நேர ஊர்வலம்தானே' என்று பேருந்துத் துறை நினைத்துக்கொண்டிருக்கும். ஏற்பாட்டாளர்களும் தலையின் நேரத்தைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். சாலை மூடியிருக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது வால். பாதையின் மிகக் குறுகிய இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் சாலை ஒரு பாலத்தடியில் 6 மீட்டராகச் சுருங்கினால், மேலே போட்ட கணக்கு முழுவதையும் அந்த 6 மீட்டரை வைத்துத் திரும்பப் போட வேண்டும்.

கிளம்பும் நேரத்தை மட்டும் யாரும் கறாராக நம்ப வேண்டாம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஏறத்தாழ 2,50,000 பேர் கூடிய பேரணியில் தலைவர்கள் வந்து சேருவதற்குள் கூட்டம் தானாகவே நடக்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் ஓடிவந்து முன்வரிசையில் சேர வேண்டியிருந்தது. பேயார்ட் ரஸ்டின் கழிப்பறை, குடிநீர், பேருந்து என ஒவ்வொன்றாக யோசித்து ஏற்பாடு செய்த பேரணி அது. அங்கேயே அப்படி என்றால், உங்கள் தடுப்புகள் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

முடியும் இடம்

ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையியல் பேராசிரியர் 1960களில் பெர்க்லியில் மாணவர் கூட்டங்களை எண்ணுவதற்கு எளிய அளவு ஒன்றை வகுத்தார். தளர்வான கூட்டத்தில் 10 சதுர அடிக்கு ஒருவர், நெருங்கிய கூட்டத்தில் நாலரை சதுர அடிக்கு ஒருவர். மைதானம் போதுமா என்று பார்க்க இது இன்றைக்கும் உதவும். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 50,000 பேருக்கு 25,000 சதுர மீட்டர் வேண்டும். மேடைக்கும் வண்டிகளுக்கும் விட்டது போக இவ்வளவு காலியாக இருக்க வேண்டும்.

அடுத்து வாசல். பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர். உங்கள் மைதானத்துக்கு 6 மீட்டர் வாசல் ஒன்றுதான் என்றால், எல்லாம் நல்லபடி நடந்தாலே 50,000 பேர் வெளியேற 1 மணி 40 நிமிடம் பிடிக்கும். உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் அதே வாசலைப் பயன்படுத்தினால் கணக்கே கிடையாது. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஒருவழி வாசலாக்குங்கள், இல்லாவிட்டால் வேறு மைதானம் தேடுங்கள்.

என் மூன்றாவது பேரணியில் மேடையை வாசலுக்கு நேர் எதிரே, 40 மீட்டர் தள்ளிப் போட்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் பேச்சைக் கேட்க அங்கேயே நின்றுவிட்டார்கள். பின்னால் மைதானம் பாதி காலி, வாசலில் மட்டும் நெரிசல். என்னோடு இருந்த இளம் காவலர் ஒருவர் மதிலில் ஏறிப் பார்த்துவிட்டு, "மேடம், தலையெல்லாம் ஒண்ணா அலை மாதிரி ஆடுது" என்றார். அந்த வாக்கியத்தை மறக்க முடியவில்லை. ஒரு சதுர மீட்டருக்கு ஐந்தாறு பேரைத் தாண்டிவிட்டால் யாரும் தன் விருப்பத்துக்கு நகர முடியாது, கூட்டமே ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். அலைபோல ஆடுவது அதற்கான அறிகுறி. அன்று ஏற்பாட்டாளர்களில் மூத்தவரான ஒரு அம்மா ஒலிபெருக்கியை வாங்கி, "முன்னாடி இருக்கிற பிள்ளைங்க எல்லாரும் மேடைக்குப் பின்னாடி வாங்க, நான் அங்கதான் பேசப் போறேன்" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி நடந்தார். கூட்டம் அவர் பின்னால் போனது. நாங்கள் பத்து பேர் விசிலடித்தும் நடக்காதது அது.

ஆகவே மேடை வாசலிலிருந்து மிகத் தொலைவான மூலையில் இருக்கட்டும். முதல் ஆயிரம் பேரை உள்ளே ஆழமாக அழைத்துப்போகத் தனியாகத் தொண்டர்களை நிறுத்துங்கள். வாசலுக்கு மேலே, உயரத்தில், நெருக்கத்தை மட்டும் கவனிக்க ஒருவர் இருக்கட்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள்.

உள்ளே அகப்படும் தீவு

பாதை வளைந்து போகும்போது நடுவில் சில தெருக்கள் நான்கு பக்கமும் அடைபட்டுவிடும். நான் அதைத் தீவு என்பேன். ஒருமுறை அப்படி ஒரு தீவுக்குள் ஒரு கட்டடத்தில் புகை கிளம்பியது. தீயணைப்பு வண்டி வெளியே நிற்கிறது, நடுவே மனித ஆறு. தொண்டர்கள் வழி திறந்து வண்டி உள்ளே போக ஒன்பது நிமிடம் ஆனது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த ஒன்பது நிமிடத்துக்கும் காரணம் என் திட்டம்தான்.

அதற்குப் பிறகு தீவைக் கண்டால் உள்ளேயே ஒரு தீயணைப்பு வண்டியும் ஒரு ஆம்புலன்ஸும் பேரணி தொடங்கும் முன்பே போய் நின்றுவிடும். தீவுக்குள் டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் இருக்கிறார்களா என்று முந்தின வாரமே வீடு வீடாகக் கேட்டு, முன்கூட்டியே வெளியே போக வண்டி ஏற்பாடு செய்வோம். இதற்கு இரண்டு பேரும் இரண்டு நாளும் போதும்.

குறுக்குச் சந்திப்புகளில் வழி திறப்பது தனிக் கலை. 2019 ஜூன் 16 அன்று ஹாங்காங்கில் பெருங்கூட்டம் தானாக இரண்டாகப் பிளந்து ஆம்புலன்ஸுக்கு வழிவிட்ட காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். கூட்டத்துக்கு அந்த மனம் எப்போதும் உண்டு. நாம் செய்ய வேண்டியது, தகவலைப் பின்பக்கம் கொண்டு சேர்ப்பது. முன்வரிசையைக் கையால் மறித்து நிறுத்தினால் பின்னால் வருகிறவர்கள் காரணம் தெரியாமல் நெருக்குவார்கள். சந்திப்புக்கு 100 மீட்டர் முன்னால் நிற்கும் தொண்டர் முதலில் நடையை மெதுவாக்க வேண்டும், பிறகு சந்திப்பில் இருப்பவர் நிறுத்த வேண்டும். நிறுத்தம் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பொது வாகனங்களுக்காக வழி திறக்கவே வேண்டாம், அவசர வண்டிகளுக்கு மட்டும். ஒரு காருக்குத் திறந்தால் பின்னால் நாற்பது கார் நிற்கும்.

பக்கத்தெரு முனைகளில் பேரிகார்டு மட்டும் போதாது. 2017 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் கூட்டத்துக்குள் கார் ஏற்றப்பட்டு ஒரு பெண் உயிரிழந்தார். வண்டி வரக்கூடிய ஒவ்வொரு முனையிலும் கனரக லாரியைக் குறுக்கே நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும், சாவி வண்டியிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் ஆம்புலன்ஸ் வந்தால் அதே லாரி முப்பது நொடியில் விலக வேண்டும். சாப்பிடப் போன ஓட்டுநருக்காகக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்றிலிருந்து மாற்று ஓட்டுநர் இல்லாமல் எந்த லாரியையும் நிறுத்தியதில்லை.

ஒரே மேசை

துறைகளின் ஒருங்கிணைப்பு என்று கூட்டம் கூட்டினால் இருபது பேர் வருவார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். பேரணி அன்று ஒரே மேசையைச் சுற்றி உட்கார எனக்கு வேண்டியவர்கள் ஏழெட்டுப் பேர்தான்: போக்குவரத்துக் காவல், சட்டம் ஒழுங்கு, தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பேருந்தும் ரயிலும், மாநகராட்சி, மின்சாரம். இவர்களோடு ஏற்பாட்டாளர்களின் ஆள் ஒருவர். கடைசியாகச் சொன்னவரை உள்ளே விடப் பல அதிகாரிகள் தயங்குவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டத்தை நகர்த்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். முதல் சந்திப்பிலேயே அந்த மூத்த அம்மா என்னிடம், "மேடம், எங்க ஆளுங்களை நாங்க பாத்துக்கிறோம், நீங்க லத்தியை மட்டும் வண்டியிலேயே வெச்சிடுங்க" என்றார். நாங்கள் வைத்துவிட்டோம்.

வருகிறவர் தன் துறை சார்பில் அங்கேயே முடிவெடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்பவரை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பி, அந்த மேலிடத்தையே வரச் சொல்லுங்கள்.

2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இடேவோனில் ஒரு குறுகிய சரிவுச் சந்தில் நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். அது பேரணி அல்ல, திருவிழாக் கூட்டம். ஆனாலும் புதியவர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்வேன். நெருக்குகிறது, ஆபத்து என்று காவல்துறைக்கு முதல் அழைப்பு மாலை 6.34க்கே வந்துவிட்டது. விபத்து நடந்தது இரவு 10 மணிக்கு மேல். தகவல் வந்தது, அதைக் கேட்டு நடவடிக்கை எடுக்கும் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. அவசர அழைப்பு மையத்திலிருந்து ஒருவர் உங்கள் மேசையில் இருந்தே ஆக வேண்டும். ஒரே இடத்திலிருந்து இரண்டாவது அழைப்பு வந்ததும் அவர் எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும்.

வயர்லெஸில் குறியீட்டு எண் பேசாதீர்கள். 1970இல் கலிபோர்னியாவில் பெருங்காட்டுத்தீ பரவியபோது துறைக்கு ஒரு குறியீடு, துறைக்கு ஒரு அலைவரிசை என்று திணறினார்கள். அதற்குப் பிறகு உருவான சம்பவ மேலாண்மை முறையில் எளிய பேச்சுமொழி விதியாகவே இருக்கிறது. ஒருவர் கூடியவரை ஐந்து பேருக்கு மேல் நேரடியாக ஆணையிட வேண்டாம் என்பதும் அங்கிருந்து வந்ததே, ஏழு என்பது எல்லை. சந்திப்புகளுக்கு எண் கொடுத்து, எல்லாத் துறைக்கும் ஒரே வரைபடம் கொடுங்கள். "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று யாரும் சொல்லக் கூடாது, "ஏழாம் முனை, இடப்பக்கம்" என்றே சொல்ல வேண்டும். கூட்டம் கூடியதும் செல்போன் கோபுரம் திணறும். போன் பேச்சு போகாதபோதும் குறுஞ்செய்தி போகலாம். இரண்டும் போகாவிட்டால் சைக்கிளில் ஓட இரண்டு பேர் தயாராக இருக்கட்டும்.

எந்தத் துறையாவது, 'இவர்களை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்கு அனுப்பிவிடலாமே, போக்குவரத்து மிச்சம்' என்று ஆரம்பிக்கும். ஐ.நா. மனித உரிமைகள் குழு 2020இல் வெளியிட்ட பொதுக் கருத்துரை 37ஐ எடுத்து வையுங்கள். வாகன ஓட்டமோ அன்றாட வேலையோ தடைபடுவது மட்டும் வன்முறை ஆகாது, கூட்டம் யாரை நோக்கிப் பேசுகிறதோ அவர்கள் கண்ணிலும் காதிலும் படும்படி கூட முடிந்தவரை இடம் தர வேண்டும் என்கிறது அது. நடந்து போகிற 50,000 பேரும் சாலையைப் பயன்படுத்துபவர்களே. அவர்களுக்கும் சேர்த்துத்தான் நாம் போக்குவரத்து பார்க்கிறோம்.

திறப்பது

வால் தாண்டியதும் தடுப்பை எடுக்கச் சொல்லி வண்டிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். வாலுக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் துப்புரவு வண்டி, கடைசியாக ஒரு காவல் வண்டி போக வேண்டும். அந்தக் கடைசி வண்டி ஒரு முனையைத் தாண்டியபின் அதில் இருப்பவர் எண்ணைச் சொல்வார், அதற்கு முந்தைய முனை திறக்கும். எப்போதும் ஒரு முனை இடைவெளி. நடக்க முடியாமல் பின்தங்கிய முதியவர்கள் அந்த இடைவெளியில்தான் இருப்பார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு காலிப் பேருந்தும் அங்கேயே மெதுவாக வரட்டும்.

திரும்பும் பேருந்துகளை வாசலிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால், வெவ்வேறு திசைகளில் நிறுத்துங்கள். மக்கள் நடக்கும் தூரத்திலேயே கூட்டம் தளர்ந்துவிடும். ரயில் நிலையத்தில் நடைமேடை நிரம்பினால் வாசலை மூடும் அதிகாரம் நிலைய அதிகாரிக்கு உண்டு. மூடும் முன் அவர் நம் மேசைக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூடிய கதவை நோக்கி நாமே ஆட்களை அனுப்பிக்கொண்டிருப்போம்.

அன்றிரவே, வீட்டுக்குப் போகும் முன், எல்லோரையும் அரை மணி நேரம் உட்கார வைத்து முனை எண் வாரியாக எழுதி வாங்குங்கள். மறுநாள் காலை கேட்டால் எல்லாம் நன்றாக நடந்தது என்பார்கள்.