மாடஸ்டி பிளைசி: வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்று லண்டனின் மாலை நாளிதழாக இருந்த ஈவினிங் ஸ்டாண்டர்டில் 1963 மே 13 அன்று தொடங்கி, 2001 ஏப்ரல் 11 அன்று நிறைவுற்ற மாடஸ்டி பிளைசி என்னும் சாகச நாயகியின் படக்கதைத் தொடருக்குத் தமிழில் வாசகர்கள் ஏராளம். 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழே ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்பதால், நாற்பதைக் கடந்த காமிக்ஸ் ரசிகர்கள் பலருக்கு அவர் சிறுவயது முதலே அறிமுகமானவர். ஆனால் அந்த அறிமுகம் புத்தக வடிவில் கிடைத்த அறிமுகம். நாளொன்றுக்கு ஒரு பட்டை (ஒரே வரிசையில் அமைந்த சில படக்கட்டங்கள்) என 38 ஆண்டுகள் ஓடிய நாளிதழ்த் தொடர் இது என்பதை மறந்துவிட்டு எழுதுவதால்தான் இதன் வரலாற்றைப் பற்றிய குறிப்புகளில் ஒரே வகையான பிழைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன.

முதலாவதும் மிகப் பரவலானதுமான பிழை, கதை சொல்லும் முறையைப் பற்றியது. மறுபதிப்பைப் படித்துவிட்டு, “ஒரே செய்தியை இரண்டு முறை சொல்கிறார்கள், வசனம் இழுக்கிறது” என்று குறை கூறுவோர் உண்டு. ஒரு நாளைக்குரிய பட்டையில் பெரும்பாலும் மூன்று கட்டங்களே இருக்கும். நேற்றைய இதழைத் தவறவிட்டவருக்காக முதல் கட்டம் நடந்ததைச் சில சொற்களில் நினைவூட்டும். நடுக்கட்டம் கதையை ஓரடி நகர்த்தும். மூன்றாவது கட்டம் ஒரு கேள்வியிலோ, கதவு திறக்கும் ஓசையிலோ, எதிரியின் நிழலிலோ நின்றுவிடும். வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்புபவர் அரை நிமிடத்தில் படித்து, மறுநாள் வரை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அமைந்த கட்டுமானம் இது. நூறு பட்டைகளை ஒரே மூச்சில் படிப்பவருக்கு இந்த நினைவூட்டல்கள் உறுத்தத்தான் செய்யும். எனினும் அதை எழுத்தாளரின் பலவீனமாகக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. தொடரை உருவாக்கி எழுதிய பீட்டர் ஓ’டானல் அந்தச் சில சொற்களைக்கூட ஒரு பாத்திரத்தின் இயல்பான பேச்சுக்குள் மறைத்துவிடுவதில் வல்லவர் என்பதைச் சில பட்டைகளை நிதானமாகப் பார்த்தாலே உணரலாம்.

இதே மறதியிலிருந்து கிளைத்த இன்னொரு தவறு, எல்லா பிரிட்டிஷ் சாகசக் கதைகளையும் ஒரே கூடையில் போடுவது. 1972இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி, வேலியண்ட் என்னும் சிறுவர் வார இதழில் பக்கம் பக்கமாக வெளியானவர். மாடஸ்டியோ, அலுவலகம் செல்லும் பெரியவர்கள் படிக்கும் நாளிதழுக்காக எழுதப்பட்டவர். தமிழில் இருவரும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள புத்தகங்களாக வந்ததால் இருவரும் ஒரே மரபைச் சேர்ந்தவர்கள் என்ற தோற்றம் ஏற்பட்டுவிட்டது. மாடஸ்டியின் நெருங்கிய உறவினரைத் தேட வேண்டுமானால் டெய்லி மிரரின் கார்த், டெய்லி எக்ஸ்பிரஸின் ஜெஃப் ஹாக், அதே நாளிதழின் ஜேம்ஸ் பாண்ட் ஆகிய தொடர்களைத்தான் பார்க்க வேண்டும். இவற்றுள் மாடஸ்டியே மிக நீண்ட காலம் ஓடியது என்று எழுதுவதும் தவறு: 1943இல் தொடங்கிய கார்த் 1997 வரை நீடித்தது. அந்தக் கார்த் தொடருக்கும் 1953 முதல் 1966 வரை கதை எழுதியவர் ஓ’டானலே என்பது பலரும் தவறவிடும் செய்தி.

“பெண் ஜேம்ஸ் பாண்ட்” என்ற அடைமொழியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விளம்பரத்துக்கு அது உதவியிருக்கலாம், ஆனால் பாத்திரத்தை அது தலைகீழாக்கிவிடுகிறது. பாண்ட் அரசுச் சம்பளம் வாங்கும் உளவாளி. மாடஸ்டி சட்டத்துக்குப் புறம்பான ஒரு பெரிய அமைப்பை இளம் வயதிலேயே நடத்தி, செல்வம் சேர்த்து, ஓய்வு பெற்று லண்டனில் குடியேறியவர். பிரிட்டிஷ் உளவுத்துறையின் சர் ஜெரால்ட் டாரண்ட் அவரிடம் வந்து உதவி கேட்கிறார்; அவர் விரும்பினால் செய்கிறார், இல்லையேல் மறுக்கிறார். பல கதைகளில் அரசுக்கு எந்த வேலையும் இல்லை, ஒரு நண்பருக்கு நேர்ந்த ஆபத்தே அவரைக் களத்தில் இறக்குகிறது. வில்லி கார்வினை அவருடைய காதலர் என்று எழுதுவதும் இந்த வரிசையில் சேரும். வில்லி அவரை ‘இளவரசி’ என்று அழைக்கும் உற்ற தோழர், அவ்வளவுதான். காதலர்கள் இருவருக்கும் தனித்தனியே வந்துபோவார்கள்; அந்த எல்லைக்கோட்டை ஓ’டானல் கடைசிவரை தாண்டவில்லை. தொடரின் அரிய வலிமை அந்த உறுதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பாண்டுடன் உண்மையான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. டெய்லி எக்ஸ்பிரஸில் வந்த பாண்ட் படக்கதையில் ‘டாக்டர் நோ’ பகுதியைப் பட்டைகளுக்கேற்ப 1960இல் எழுதிக் கொடுத்தவர் ஓ’டானல்தான். மாடஸ்டி தொடரையும் முதலில் அந்த நாளிதழே கேட்டது. பின்னர் வேண்டாமென்று கைவிட்டது. அதே குழுமத்தைச் சேர்ந்த ஈவினிங் ஸ்டாண்டர்ட் அதை எடுத்துக்கொண்டது. ஆகவே “எக்ஸ்பிரஸில் தொடங்கிப் பிறகு இடம் மாறியது” என்று எழுதுவது பிழை. எக்ஸ்பிரஸில் தொடர் தொடங்கவேயில்லை.

ஓவியர்களின் பெயர்களில் நேரும் குழப்பம் இதைவிடப் பெரியது. ‘டான் டேர்’ என்னும் விண்வெளிப் படக்கதையால் புகழ்பெற்ற ஃபிராங்க் ஹாம்ப்சன் இத்தொடரின் முதல் ஓவியர் என்று சில குறிப்புகள் கூறுகின்றன. அவர் மாதிரிப் படங்கள் மட்டுமே வரைந்தார், அவை பொருந்தவில்லை. ‘ரோமியோ பிரவுன்’ தொடரில் ஏற்கனவே தம்முடன் பணியாற்றியிருந்த ஜிம் ஹோல்டவேயை ஓ’டானல் கேட்டு வாங்கினார். 1970 பிப்ரவரியில், ‘தி வார்லார்ட்ஸ் ஆஃப் ஃபீனிக்ஸ்’ என்னும் கதை பாதியில் இருக்கும்போது ஹோல்டவே எதிர்பாராமல் காலமானார். நாளிதழ் காத்திருக்காது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் என்ரிக் பாடியா ரொமேரோ அதே கதையை இடையிலிருந்து எடுத்துத் தொடர்ந்தார். அந்தக் கதையை இன்று கையில் எடுப்பவர், ஹோல்டவேயின் நுணுக்கமான கோட்டு நிழல்கள் ஓரிடத்தில் நின்று, ரொமேரோவின் தெளிந்த, வழவழப்பான கோடுகள் தொடங்குவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு கதைக்கு ஒரே ஓவியர் என்று அட்டவணை போடுபவர்கள் வழுக்கும் இடமும் இதுதான்.

‘ஹோல்டவே, பிறகு ரொமேரோ’ என்று இருவரோடு பட்டியலை முடித்துவிடுவது அடுத்த பிழை. தி சன் நாளிதழில் தொடங்கிய ‘ஆக்ஸா’ தொடருக்காக ரொமேரோ 1978இல் விலகினார். ஜான் பர்ன்ஸும் அவருக்குப் பின் பேட்ரிக் ரைட்டும் சிறிது காலமே வரைந்தனர். நியூசிலாந்தைச் சேர்ந்த நெவில் கால்வின் 1980 முதல் 1986 வரை வரைந்தார். அதன்பின் ரொமேரோ திரும்பி வந்து இறுதிவரை தொடர்ந்தார். கால்வினின் மை தோய்ந்த, சற்றே முரட்டுத்தனமான தூரிகையை முதல் பார்வையில் ஒதுக்கிவிடும் வாசகர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இருட்டுத் தெருவையும் ஈரக் கடற்கரையையும் இத்தொடரில் அவரைப்போல் உணர்த்தியவர் வேறு எவருமில்லை.

நாவல்களையும் திரைப்படத்தையும் படக்கதையோடு குழப்பிக்கொள்வது தனி வகை. மாடஸ்டி நாவலில் பிறந்து படக்கதைக்கு வந்தவர் என்று நம்புவோர் உண்டு. நடந்தது வேறு: படக்கதை வெற்றி பெற்றதும் திரைப்படத்துக்காக ஓ’டானல் ஒரு திரைக்கதை எழுதினார். பிறர் கைபட்டு அது உருமாறிவிட்டது. அவர் தம் மூலக்கதையை நாவலாக்கி 1965இல் வெளியிட்டார். படமோ 1966இல்தான் வந்தது. மோனிக்கா விட்டி நடிக்க, ஜோசப் லோசி இயக்கிய அந்தப் படத்தைப் பார்த்து மாடஸ்டியை மதிப்பிடுவது நம்பகமான வழியாகாது. அதன் கேலிப்பாங்குக்கும் நாளிதழ்த் தொடரின் நிதானத்துக்கும் நெடுந்தூரம்.

மாடஸ்டியின் இளமைக்கால வரலாற்றோடுதான் தொடர் தொடங்கியது என்று கருதுவதும் சரியல்ல. அகதியாகத் தனித்து அலைந்த சிறுமி என்னும் எண்ணம், 1942இல் ஓ’டானல் ராணுவப் பணியில் பாரசீகத்தில் இருந்தபோது கண்ட ஒரு சிறுமியிடமிருந்து பிறந்தது. எனினும் முதல் கதையான ‘லா மஷீன்’ தொடங்கும்போதே மாடஸ்டி ஓய்வு பெற்ற செல்வச் சீமாட்டி. அவரது கடந்த காலத்தைச் சுருக்கிச் சொல்லும் ‘இன் த பிகினிங்’ என்ற குறும்பகுதி, தொடரை நடுவில் வாங்கத் தொடங்கிய நாளிதழ்களின் வாசகர்களுக்காக 1966இல் பின்னர் தயாரிக்கப்பட்டது. மறுபதிப்புத் தொகுப்பின் தொடக்கத்தில் அது இருந்தால், அதுவே முதலில் வந்தது என்று முடிவு கட்டிவிடக்கூடாது.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. ஈவினிங் ஸ்டாண்டர்டில் வந்த முறையான கதைகளை வழக்கமாக 95 என்று கணக்கிடுவர். 96 என்று எழுதுவோர், தொடர் முடிந்தபின் ஸ்காண்டிநேவிய வெளியீட்டுக்காக, ஓ’டானலின் சிறுகதை ஒன்றைத் தழுவி, நாளிதழ்ப் பட்டையாக அல்லாமல் முழுப்பக்கங்களாகவே ரொமேரோ வரைந்த ‘தி டார்க் ஏஞ்சல்ஸ்’ கதையையும் சேர்க்கிறார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும், எதைக் கணக்கில் எடுத்தோம் என்று சொல்லிவிட்டால் சிக்கலில்லை. கதைகளின் வரிசையைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு பட்டையின் கட்டத்துக்குள்ளும் சிறிய எழுத்தில் ஒரு தொடர் எண் இருக்கும், கடைசிப் பட்டையின் எண் 10,183. தமிழ் வெளியீடுகள் மூல வரிசைப்படி வந்தவையல்ல என்பதால், எந்தக் கதை முன்னது எது பின்னது என்பதை இந்த எண்ணைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

முடிவைப் பற்றிய தவறு ஒன்று மிச்சமிருக்கிறது. மாடஸ்டியும் வில்லியும் இறந்துவிடுவதாகப் பலர் எழுதுகிறார்கள். அது 1996இல் வந்த ‘கோப்ரா டிராப்’ சிறுகதைத் தொகுப்பின் இறுதிக் கதையில் நிகழ்வது. அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் ஓடிய படக்கதையில் இருவரும் உயிரோடுதான் விடைபெறுகிறார்கள். ஓ’டானலின் 81ஆவது பிறந்தநாளன்று கடைசிப் பட்டை வெளியானது. அதன்பின், வாசகர்களின் வழக்கத்தைக் குலைக்க விரும்பாத சில நாளிதழ்கள் முதல் கதையிலிருந்து மீண்டும் வெளியிடத் தொடங்கின. 2001 ஏப்ரலுக்குப் பிந்தைய நாளிதழ்ப் பிரதி எதையேனும் கண்டால் அதைப் புதிய கதையாக எண்ணிப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.