‘ரேலி’ என்றால் பேரணியா? அரசியல் கூட்டங்களுக்குச் சரியான சொல் பிடிக்கும் வழி

ஒரு சிறு பத்திரிகைக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வட மாநிலத் தேர்தல் செய்தி ஒன்றில் ‘ரேலி’ என்று இருந்தது. யோசிக்காமல், "பேரணியில் தலைவர் ஒரு மணி நேரம் பேசினார்" என்று எழுதிவிட்டேன். பிழை திருத்தும் அண்ணன் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, ஒரு மணி நேரமும் நடந்துக்கிட்டேவா பேசினாரு?"

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. புதிதாகச் செய்தி எழுத வருபவர்களுக்கு உதவும்.

படி 1: காலைப் பாருங்கள்

கூட்டம் நடக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா, நிற்கிறதா? பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

நடந்தால் பேரணி. அதற்குப் புறப்படும் இடமும் சேரும் இடமும் இருக்க வேண்டும். பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளில் மெரினா நினைவிடம் நோக்கிப் போவது அமைதிப் பேரணி. ‘ஊர்வலம்’ தவறில்லை, ஆனால் இப்போது அது சாமிக்கும் மாப்பிள்ளைக்கும் இறுதிப் பயணத்துக்கும் போய்விட்டது. அரசியல் செய்தியில் நான் அதைத் தவிர்த்துவிடுகிறேன்.

மேடை போட்டு, நாற்காலி போட்டு, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டால் பொதுக்கூட்டம். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டுக்குமே ‘ரேலி’ என்றுதான் போடும். மைதானம், மேடை, ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய தலைவர் என்று செய்தியில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொதுக்கூட்டம் என்று எழுதலாம். ‘தொடங்கி’, ‘வழியாக’, ‘சென்றடைந்தது’ என்ற பொருளில் சொற்கள் இருந்தால் மட்டும் பேரணி. மொழிபெயர்ப்புச் செயலிகளை இந்த ஒரு சொல்லில் நம்பாதீர்கள். எனக்கு அவை பெரும்பாலும் பேரணியையே நீட்டின.

நின்ற இடத்தில் முழக்கமிட்டுவிட்டுக் கலைந்தால் ஆர்ப்பாட்டம். அதே ஆட்கள் பத்தடி நகர்ந்து சாலையில் உட்கார்ந்து பேருந்தை நிறுத்திவிட்டால் அது மறியல். மறியல் செய்தி எப்படி முடியும் என்பது உங்களுக்கே தெரியும்: போலீசார் கைது செய்து, ஒரு திருமண மண்டபத்தில் வைத்திருந்து, மாலையில் விடுவித்தனர். அலுவலகத்தைச் சூழ்ந்தால் முற்றுகை. எதுவென்று தெரியாவிட்டால் ‘போராட்டம்’ என்று போட்டுத் தப்பிக்கலாம், எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் அடிக்கடி தப்பிக்காதீர்கள்.

படி 2: உள்ளே யார் வரலாம் என்று கேளுங்கள்

பொதுக்கூட்டத்துக்கு வழிப்போக்கரும் நின்று கேட்கலாம். பொதுக்குழுவுக்கு அப்படிப் போக முடியாது. பெயரில் ‘பொது’ இருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. பொதுக்குழு என்பது கட்சியின் பொதுக்குழு உறுப்பினர்கள் கூடும் பெரிய அவை. செயற்குழு அதைவிடச் சின்னது. ‘செயல்குழு’ என்று எழுதாதீர்கள், கட்சிக்காரர்கள் செயற்குழு என்றுதான் சொல்கிறார்கள்.

மாநாடு வேறு. அங்கே கொடியேற்றம், தீர்மானங்கள் எல்லாம் உண்டு. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது சேலம் மாநாட்டில்தான். இப்போது கூட்டம் பெரிதாக இருந்தாலே மாநாடு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நடத்துபவர் மாநாடு என்றால் நாமும் மாநாடு என்றே எழுதிவிட வேண்டியதுதான்.

இடதுசாரிச் செய்திகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவர்களுடைய உச்ச மாநாட்டை ஆங்கிலத்தில் ‘பார்ட்டி காங்கிரஸ்’ என்பார்கள். அதைக் ‘கட்சி காங்கிரஸ்’ என்று எழுதினால், படிப்பவர் ராகுல் காந்தியைத் தேடுவார். தமிழில் அது அகில இந்திய மாநாடு. மார்க்சிஸ்ட் கட்சியின் 24ஆவது அகில இந்திய மாநாடு 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்தது.

படி 3: குழுவின் பெயரை மொழிபெயர்க்காதீர்கள்

குழுவுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். இலங்கைச் செய்தி எழுதினால் இது புரியும். 1976இல் உருவான தமிழர் விடுதலைக் கூட்டணியின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘ஃப்ரண்ட்’ (Front). 2001இல் வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘அலையன்ஸ்’. அகராதியைப் பார்த்து முன்னதை ‘முன்னணி’ என்றும் பின்னதைக் ‘கூட்டணி’ என்றும் மாற்றினால் இரண்டுமே தப்பு.

‘அணி’ இன்னும் மோசம், மூன்று வேலை பார்க்கிறது. இளைஞரணி, மகளிர் அணி என்றால் கட்சிக்குள் ஒரு பிரிவு. ஜெ. அணி, ஜா. அணி என்றால் பிளவு: எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாகி, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப்புறாவிலும் நின்றன. மூன்றாவது அணி என்றால் பல கட்சிகள் சேர்ந்தது. ஒரே பத்தியில் இரண்டு பொருள் வந்தால் ஒன்றைக் கூட்டணி என்றோ தரப்பு என்றோ மாற்றிவிடுங்கள்.

‘கோஷ்டி’யைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டிக்கு மரியாதை. கட்சியில் கோஷ்டி என்றால் அடுத்த சொல் பூசல். தலைவருக்கு வேண்டாதவர்களைத்தான் கோஷ்டி என்பார்கள், தன்னைத் தானே யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

‘கழகம்’ கதை தனி. குறளில் ‘சூது’ அதிகாரத்தில் கழகம் என்றால் சூதாடும் இடம். இன்று அது கட்சிக்கும் பேருந்துக்கும் பல்கலைக்கும் பொது. இதில் ஒற்று முக்கியம். 2024 பிப்ரவரியில் ஒரு புதுக் கட்சி ‘வெற்றி கழகம்’ என்று அறிவித்து, விமர்சனம் கிளம்பியதும் ‘வெற்றிக் கழகம்’ என்று திருத்திக்கொண்டது. அப்படியிருக்க, நாம் சறுக்குவதில் வியப்பில்லை.

எதை வைத்துச் சரிபார்ப்பது? வெறும் இணைச்சொல் பட்டியல் தரும் அகராதி எனக்குப் பயன்பட்டதே இல்லை. சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் அகராதி பரவாயில்லை. எல்லாவற்றையும்விட நல்லது, கூட்டம் நடத்துபவரின் துண்டறிக்கை. தலைமை, முன்னிலை, சிறப்புரை, நன்றியுரை என்று வரிசையாக இருந்தால் பொதுக்கூட்டம். "கண்டன முழக்கமிடுவோர்" என்று இருந்தால் ஆர்ப்பாட்டம். சுவரொட்டியை ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த நண்பர் ஒருவர், "ரோடு ஷோவை எதில் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டு என்னை மாட்டிவிட்டார். தலைவர் வண்டியில் நகர்கிறார், மக்கள் இரு பக்கமும் நிற்கிறார்கள். என் கால் சோதனை இங்கே செல்லாது. ‘வாகனப் பேரணி’ என்று எழுதிப் பார்த்தேன், இருபது வண்டிகள் கொடி கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. ‘வீதியுலா’ என்றால் உற்சவர் புறப்பாடு நினைவுக்கு வருகிறது. இப்போதைக்கு ரோடு ஷோ என்றே எழுதுகிறேன். அந்த அண்ணனும் அதில் கை வைக்கவில்லை.