ஏணியின் உச்சியில் பாய் விரித்துப் படுத்தவர்கள்: கிளான் லேடர் அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் தேவகோட்டையைச் சேர்ந்த இரண்டு கல்லூரி மாணவர்கள், தாங்கள் தொடங்கவிருக்கும் கிளான் லேடரின், அதாவது கைபேசி விளையாட்டு அணிகள் (கிளான்கள்) ஒன்றையொன்று சவாலுக்கு அழைத்து வென்று படிப்படியாக மேலேறும் ஏணிப் போட்டியின், விதித்தாளோடு காரைக்குடியில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள், 2021ஆம் ஆண்டில் நான் எழுதிய விதிகளையே யாரோ படியெடுத்துக் கொடுத்துவிட்டார்களோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. அட்டவணையைத் தாமதமாக வெளியிடுவது, ஸ்கிரீன்ஷாட் கேட்க மறப்பது போன்ற பிழைகளை எவரும் முதல் வாரத்திலேயே தாமாகத் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. ஒரு சீசனையே விழுங்கிவிடக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலிடத்துக்காரர் ஆடாமலே இருக்க வழி விடுவது

பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வெளிவந்த அடுத்த மாதம், 2021 ஆகஸ்டில், நான் தொடங்கிய லேடரில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், அறந்தாங்கிப் பக்கங்களிலிருந்து 24 கிளான்கள் சேர்ந்தன. நால்வருக்கு நால்வர் மோதும் டிடிஎம் (டீம் டெத்மேட்ச்) ஆட்டம், எதிரணியினரை முதலில் 40 முறை வீழ்த்தும் (40 கில் எடுக்கும்) அணிக்கு வெற்றி, மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவருக்குச் சவால் சொந்தம். தனக்கு மேலுள்ள மூன்று இடங்களுக்குள் யாரை வேண்டுமானாலும் சவாலுக்கு அழைக்கலாம் என்றும், ஒரு சவால் பதிவாகிவிட்டால் அது முடியும்வரை அந்த இரு கிளான்களையும் வேறெவரும் அழைக்கக்கூடாது என்றும், ஆட்டத்தை 14 நாட்களுக்குள் முடித்தால் போதும் என்றும் எழுதி வைத்தேன். ஒரே கிளானை ஐந்து பேர் ஒரே நேரத்தில் அழைத்து நெருக்கக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுதியது அந்த நடு விதி.

இரண்டாம் வார முடிவில் முதலிரண்டு இடங்களையும் ஒரே தெருப் பையன்களின் இரு கிளான்கள் பிடித்தன. இரண்டாமிடத்தார் முதலிடத்தாரை அழைத்தார்கள். 14ஆம் நாள் இரவு வரை இழுத்தடித்து ஒப்புக்கு ஆடித் தோற்றார்கள். முடிவு பதிவான அதே நிமிடத்தில் மறுபடியும் அழைத்தார்கள். செட்டிநாட்டு வீட்டின் நிலைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு இரண்டு பேர் முதல் கட்டுக்குள் தாயம் ஆடுவதைப் போல ஆறு வாரங்கள் ஓடின. மூன்றாமிடத்துக் கிளானின் தலைவர் ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, மேலே ஏறுங்கன்னு சொல்றீங்க, தட்டுறதுக்குக் கதவைக் காட்டுங்களேன்" என்று கேட்டபோது என்னிடம் பதிலில்லை. எட்டாம் வாரத்தில் ஆடிக்கொண்டிருந்தவை ஒன்பது கிளான்களே. அந்தப் பையன்கள் ஒரு விதியையும் மீறவில்லை, நான் எழுதியதை என்னைவிடக் கூர்ந்து படித்திருந்தார்கள் என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

பரிகாரம் ஒரு விதியில் அடங்காது. சவால் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆட்ட நேரத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து நாட்களுக்குள் ஆட்டம் முடிய வேண்டும். தாமதம் யாரால் ஏற்பட்டதோ அவருக்கே தோல்வி. இடத்தைக் காத்துக்கொண்டவருக்கு இரண்டு நாள் ஓய்வு தரலாம். ஆனால், அடுத்த சவால் வேறொரு கிளானிடமிருந்துதான் வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பத்து நாட்கள் ஆடாத கிளான் இரண்டு படி இறங்க வேண்டும். ஆடாதிருப்பதற்கு விலை வைப்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் அளக்க மார்க் கிளிக்மன் 1995இல் வகுத்த கிளிக்கோ முறையில், ஒருவர் ஆடாமல் இருக்கும் காலம் நீள நீள, அவருடைய தரவரிசை எண்ணின் மீதுள்ள ஐயத்தின் அளவும் கூடிக்கொண்டே போகும். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற கைபேசி விளையாட்டு 2018இல் கொண்டுவந்த கிளான் வார் லீக் இந்தச் சிக்கலை வேரிலேயே வெட்டிவிட்டது: எட்டுக் கிளான்களைக் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் மற்ற எழுவரோடும் ஒருமுறை மோதியாக வேண்டும், அழைப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. சவால் முறைதான் வேண்டும் என்பவர்கள், அழைக்கும் உரிமையை எழுதும்போதே மறுக்க முடியாத கடமையையும் எழுதிவிட வேண்டும்.

வென்றால் என்ன ஆகும் என்பதைப் பாதி மட்டும் எழுதுவது

"வென்றவர் மேலே போவார்" என்று மாணவர்களின் தாளில் இருந்தது. தோற்றவர் எங்கே போவார்? ஒன்பதாமிடத்தார் இரண்டாமிடத்தாரை வென்று இருவரும் இடம் மாறிக்கொண்டால், தோற்றவர் ஒரே இரவில் ஏழு படி விழுகிறார். மாறாக, வென்றவரை இரண்டாமிடத்தில் செருகி மற்றவர்களை ஒவ்வொரு படி கீழே தள்ளினால், ஆட்டத்தோடு தொடர்பே இல்லாத ஆறு கிளான்கள் காலையில் எழுந்து தங்கள் இடம் போனதைப் பார்க்கும். இரண்டிலும் சண்டை உண்டு. அழைக்கும் எல்லையை மூன்று படிகளுக்குள் வைத்தால் இடமாற்றத்தில் விழுவது மூன்று படிதான், செருகினால் பாதிக்கப்படும் அயலாரும் இருவர்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சீசன் தொடங்குமுன் அறிவித்துவிட வேண்டும்.

பதிவு செய்த வரிசையையே தொடக்க வரிசையாக்குவது

முதலில் படிவம் நிரப்பியவருக்கு முதலிடம் என்றால், அது இணைய வேகத்துக்குக் கொடுத்த பரிசாகிவிடும். 24 கிளான்களுக்கு, ஏறத்தாழ ஒரே புள்ளியில் இருப்பவர்களைச் சுற்றுக்குச் சுற்று மோதவிடும் சுவிஸ் முறையில் ஐந்து சுற்று வைத்துத் தொடக்க வரிசையைப் பிரிப்பது சிறந்தது.

எலோ எண்ணை அலங்காரமாகத் தொங்கவிடுவது

அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்ற எலோ முறை, தனி ஆட்டக்காரரின் பலத்தை ஓர் எண்ணால் குறிக்கவென வகுக்கப்பட்டது. 400 புள்ளி வேறுபாடு இருந்தால் வலியவருக்கு ஏறத்தாழ 91 விழுக்காடு வெற்றியை எதிர்பார்க்கலாம் என்று அது கணக்கிடும். ஆனால், அந்த எண் நிலைபெறப் பல ஆட்டங்கள் வேண்டும். புதியவரின் எண் விரைவாக நகரட்டும் என்பதற்காகவே ஃபிடே, ஓர் ஆட்டத்தில் எண் எவ்வளவு நகரலாம் என்பதைக் குறிக்கும் கே மதிப்பை அவர்களுக்கு 40 ஆக வைத்து, பிறகு 20, 10 எனக் குறைக்கிறது. சீசனுக்கு ஆறு சவால் ஆடி, நடுவில் இரண்டு ஆட்டக்காரர்களை மாற்றிவிடும் கிளானுக்கு அந்த எண் எதையும் சொல்லாது. ஏணியில் இடமே போதும்.

ரோஸ்டரைப் பூட்டாமல் விடுவது

கிளானின் ஆட்டக்காரர் பட்டியலைப் பூட்டுங்கள். இரவல் ஆட்டக்காரர் வருவது இறுதி வாரத்தில்தான்.

பேட்டில் ராயலை ஏணியில் ஏற்றுவது

நூறு பேர் ஒரே வரைபடத்தில் இறங்கும் ஆட்டத்தில் யார் யாரை வென்றார்? அதற்குப் புள்ளிப் பட்டியல்தான் பொருந்தும்.

ஒரே ஆட்டத்தை நம்பி ஓராண்டுக்குத் திட்டமிடுவது

2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர், அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ என ஒவ்வொன்றாக இந்தியாவில் முடக்கப்பட்டன. சீசனை எட்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணத்தைத் திரட்டிப் பரிசாக்குவது

வேண்டாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2025இல் வந்திருக்கிறது. கோப்பை கொடுங்கள்.

ஊர் நாட்காட்டியைப் பாராமல் கெடு வைப்பது

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் நகரத்தார் யாத்திரை குன்றக்குடியிலிருந்து புறப்படும் நாட்களில், எங்கள் பக்கத்துக் கிளான்கள் பலவற்றில் ஒருவராவது நடைபயணத்தில் இருப்பார். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று மாலை ஆட்டம் வைத்துவிட்டு யாருக்காகவும் காத்திருக்கக்கூடாது. மேலே சொன்ன 72 மணி நேரக் கடிகாரம் இந்த நாட்களில் நின்றுவிடும் என்று விதியிலேயே தேதிகளோடு எழுதிவிட்டால், விலக்குக் கேட்டு நள்ளிரவில் வரும் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் குறையும்.

மாணவர்கள் இருவரும் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். கிளம்பும்போது இளையவர் திரும்பி, "பத்து நாள் ஆடலைன்னா இறங்கணும், சரிதான். ஆனா பயந்துக்கிட்டு யாருமே முதலிடத்தைக் கூப்பிடலைன்னா, அவங்க என்னண்ணே செய்வாங்க?" என்று கேட்டார். அந்த ஓட்டை என் கண்ணில் பட்டதே இல்லை. திண்ணையிலேயே மறுபடியும் உட்கார்ந்தோம். எட்டு நாட்கள் எவரும் அழைக்காவிட்டால், இரண்டு முதல் நான்கு வரையுள்ள இடங்களில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு நடத்துநரே ஆட்டம் வைக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினார்கள். அப்படிக் குலுக்கலில் வந்தவர் தோற்றால் அவருக்கு இறக்கம் உண்டா என்பதில் மட்டும் அவர்கள் இருவருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை.