தீம் பார்க் பணியாளருக்கு வாக்கி-டாக்கி: தொடக்கநிலைச் செய்முறை விளக்கம்

தீம் பார்க்கில் புதிதாகச் சேரும் பணியாளர் பலருக்கும் முதல் நாளிலேயே வாக்கி-டாக்கி கைக்கு வந்துவிடுகிறது. அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம் என்பதைக் கற்க ஒரு நிமிடம் போதும். ஆனால் ரைடு ஆபரேட்டர், பராமரிப்புப் பணியாளர், காவலர், முதலுதவிக் குழுவினர் எனப் பலரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சேனலில், எதை எப்போது எத்தனை சொற்களில் சொல்வது என்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். எண்ணை அழுத்தாமலேயே ஒருவர் சொல்வதை எல்லோரும் ஒரே நொடியில் கேட்க முடிகிறது என்பதாலும், கூட்டம் மிகுந்த நாளில் செல்போன் இணைப்பு திணறும்போதும் இது தனித்து இயங்குகிறது என்பதாலும், பூங்காக்கள் இன்றும் வாக்கி-டாக்கியை விடாமல் பயன்படுத்துகின்றன.

முதலில் கருவியின் இயல்பு

செல்போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், வாக்கி-டாக்கியில் முடியாது. நீங்கள் பொத்தானை அழுத்தியிருக்கும் வரை உங்கள் கருவி அனுப்புகிறதே தவிர, எதையும் கேட்பதில்லை. ஆகவே ஒரே சேனலில் இருவர் ஒன்றாக அழுத்திவிட்டால், மற்றவர்களுக்கு வெறும் இரைச்சலோ வலுவான அலையின் குரல் மட்டுமோ கேட்கும்; பேசிய இருவருக்கும் தங்கள் செய்தி போய்ச் சேராதது தெரியாது. பதில் வராத செய்தியைச் சொல்லப்படாத செய்தியாகவே கருத வேண்டும் என்ற விதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

கையில் பிடிக்கும் கருவிகளின் அனுப்பும் திறன் பொதுவாக 4 அல்லது 5 வாட். இரும்புச் சட்டங்களும் கான்கிரீட் சுவர்களும் நிறைந்த இடங்களில், 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட யு.எச்.எஃப். அலைவரிசை நன்றாக ஊடுருவுவதால் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். தொலைவு கூடும் பூங்காக்களில் உயரமான இடத்தில் ஒரு ரிப்பீட்டர் இருக்கும். அது ஓர் அலைவரிசையில் கேட்டதை இன்னோர் அலைவரிசையில் கூடுதல் திறனுடன் திருப்பி அனுப்புகிறது. டி.எம்.ஆர். என்னும் டிஜிட்டல் முறையில், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடம் இரண்டு நேரப் பகுதிகளாகப் பிரிவதால், ஒரே தடத்தில் இரண்டு தனித்தனி உரையாடல்கள் நடக்கலாம்.

படி 1: கருவியைப் பெறும்போது

பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆகியிருக்கிறதா, ஆன்டெனா இறுக்கமாகத் திருகப்பட்டிருக்கிறதா, சேனல் குமிழ் உங்கள் பிரிவுக்குரிய எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கட்டுப்பாட்டு அறையை அழைத்து ஒரு ‘ரேடியோ செக்’ செய்யுங்கள். குரல் தெளிவாகக் கேட்கிறது என்ற பதில் வந்த பின்னரே பணியிடத்துக்குச் செல்லுங்கள். ஆன்டெனாவைப் பிடித்துக் கருவியைத் தூக்குவது பலருக்கும் தொற்றிக்கொள்ளும் பழக்கம். இணைப்பு தளர்ந்து, நாளடைவில் எட்டும் தொலைவு குறைவதற்கு அதுவே வழிவகுக்கும்.

படி 2: கேட்டு, அழுத்தி, நிறுத்தி, பேசுதல்

பேசுவதற்கு முன் சில நொடிகள் சேனலைக் கேளுங்கள். நடந்துகொண்டிருக்கும் உரையாடல் முடிந்த பிறகு பொத்தானை அழுத்தி, ஏறத்தாழ ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ள எடுக்கும் அந்தச் சிறு இடைவெளியில் பேசிவிட்டால், முதல் அசை தொலைந்துபோகும்.

கடைசி அசை தமிழில் பேசுவோருக்கு இன்னும் முக்கியம். நம் வாக்கியத்தில் வினைச்சொல் இறுதியில் வருகிறது. ஆம், இல்லை என்ற வேறுபாடும் அங்கேயே இருக்கிறது. “வாயிலைத் திறக்க வேண்டும்”, “வாயிலைத் திறக்க வேண்டாம்” என்னும் இரண்டும் கடைசி எழுத்துகளில்தான் பிரிகின்றன. பேசி முடிக்கும் முன்பே விரலை எடுத்துவிட்டால், கேட்பவர் தாமாக ஒன்றை ஊகித்துக்கொள்வார். எனவே முடித்த பிறகும் அரை நொடி அழுத்தியே வைத்திருங்கள். தடுக்க வேண்டிய செய்தியில் “நிறுத்துங்கள்” என்பதை முதலிலும் சொல்லி, இறுதியிலும் சொல்லுங்கள். அறுபது, எழுபது போன்ற எண்களும் இரைச்சலில் ஒன்றுபோல ஒலிக்கும். “ஆறு, பூச்சியம்” என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் குழப்பம் வராது.

மைக் வாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். ரைடு இரைச்சலை வெல்லக் கத்த வேண்டியதில்லை. கத்தினால் குரல் சிதைந்துதான் போய்ச் சேரும். இரைச்சலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இயல்பான குரலில் நிதானமாகப் பேசுங்கள்.

படி 3: செய்தியை அமைத்தல்

அழைக்கப்படுபவர், அழைப்பவர், இடம், நிகழ்வு, தேவை: வரிசை இதுதான். அழைக்கப்படுபவரை முதலில் குறிப்பிட்டால்தான் அவருடைய கவனம் திரும்பும். பெயர்களுக்குப் பதிலாகப் பணியிடத்தைச் சொல்வது நல்லது, ஏனெனில் ஷிஃப்ட் மாறினாலும் இடம் மாறாது. ‘ஓவர்’ என்றால் நான் பேசி முடித்தேன், பதில் சொல்லுங்கள் என்று பொருள்; ‘அவுட்’ என்றால் உரையாடல் முடிந்தது என்று பொருள்.

“கட்டுப்பாட்டு அறை, வடக்கு வாயில் பேசுகிறேன், ஓவர்.”
“வடக்கு வாயில், சொல்லுங்கள், ஓவர்.”
“மூன்றாவது டிக்கெட் தடுப்பில் தரை ஈரமாக இருக்கிறது, ஒருவர் வழுக்கினார், காயமில்லை. துப்புரவுக் குழு வேண்டும், ஓவர்.”
“வடக்கு வாயில், மூன்றாவது தடுப்பு, ஈரத் தரை, காயமில்லை, துப்புரவுக் குழுவை அனுப்புகிறேன், ஓவர்.”
“சரி, அவுட்.”

நான்காவது வரியைக் கவனியுங்கள். கேட்டவர் முக்கியமான விவரங்களைத் திருப்பிச் சொல்கிறார். தவறாக விளங்கியிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். ‘ராஜர்’ என்று மட்டும் சொன்னால், செய்தி காதில் விழுந்தது என்பதற்கு மேல் எதுவும் உறுதியாகாது. இடம், எண், திசை, நிறுத்தம், தொடக்கம் ஆகியவற்றைக் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும். உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் ‘ஸ்டாண்ட்பை’ (சற்றுக் காத்திருங்கள்) என்று தெரிவியுங்கள். மௌனம் மற்றவர்களைத் தவிக்க வைக்கும். பூங்காவுக்கெனத் தனிக் குறியீட்டு எண்கள் இருந்தால் அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் நெருக்கடியில் எண் நினைவுக்கு வராவிட்டால் தயங்காமல் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

படி 4: குழந்தை காணாமல் போனால்

பெற்றோர் பதறி நிற்கும் வேளையில், அவர்கள் சொல்வதை அப்படியே சேனலில் கொட்டக் கூடாது. வயது, ஆணா பெண்ணா, சட்டையின் நிறம், காலணி, கடைசியாகப் பார்த்த இடம், நேரம் ஆகியவற்றை முதலில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே மூச்சில் சொல்லுங்கள்: “எல்லா வாயில்களுக்கும், நீர்ச்சறுக்கு நுழைவு பேசுகிறேன். காணாமல் போன குழந்தை, சிறுமி, ஐந்து வயது, மஞ்சள் சட்டை, வெள்ளைக் காலணி. பத்து நிமிடத்துக்கு முன் இங்கே பார்த்தார்கள்.” சட்டையை மாற்றிவிட முடியும், காலணியை மாற்றுவது அரிது, அதனால்தான் காலணியை விடாமல் சொல்கிறோம். குழந்தையின் பெயர் பார்வையாளர்களின் காதில் விழக் கூடாது. பெயர் தெரிந்த அந்நியர் குழந்தையின் நம்பிக்கையை எளிதாகப் பெற்றுவிடுவார். எனவே இயர்பீஸ் அணியுங்கள். குழந்தை கிடைத்ததும் அதே சேனலில் உடனே அறிவித்தால்தான் வாயில்களில் நிற்பவர்கள் இயல்பு நிலைக்குத் திரும்புவார்கள்.

படி 5: ரைடு நின்றாலோ, ஒருவர் மயங்கினாலோ

ரைடில் ஆபத்து தெரிந்தால் ஆபரேட்டரின் கை முதலில் போக வேண்டியது அவசர நிறுத்தப் பொத்தானுக்கு. வாக்கி-டாக்கி அதற்குப் பிறகுதான். வானொலி அலை தடைபடலாம், சேனலில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கலாம். அதே காரணத்தால், “இயக்கலாம்” என்ற குரலை மட்டும் நம்பி நிறுத்தப்பட்ட ரைடை ஒருபோதும் தொடங்கக் கூடாது. பராமரிப்புப் பணியாளர் மின்சாரத்தைத் துண்டித்துத் தம் பூட்டைப் போட்டிருப்பார். அந்தப் பூட்டை அவரே வந்து எடுத்த பின்னரே மறுதொடக்கத்துக்கான நடைமுறை ஆரம்பிக்க வேண்டும். இந்த விதிக்கு விலக்கு கேட்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

உடல்நல அவசரத்தில் “அவசரம், அவசரம்” என்று தொடங்குங்கள். கேட்பவர்கள் உடனே சேனலை விட்டுக்கொடுக்க வேண்டும். உத்தேச வயது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, எந்த வழியாக வர வேண்டும் என்பவை முதலுதவிக் குழுவுக்குப் போதும். பல கருவிகளில் ஆன்டெனா அருகே ஆரஞ்சு நிறப் பொத்தான் இருக்கும். டிஜிட்டல் அமைப்பில் அதை அழுத்தினால், கருவியின் அடையாள எண்ணுடன் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போகுமாறு அமைக்கலாம். உங்கள் பூங்காவில் அது எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

படி 6: சிக்கிய பொத்தானும் ஷிஃப்ட் முடிவும்

சேனலில் நீண்ட நேரம் துணி உரசும் ஒலியோ யாரோ நடக்கும் ஓசையோ கேட்டால், ஒருவரின் பொத்தான் இருக்கையிலோ இடுப்புப் பட்டையிலோ அழுந்தியிருக்கிறது என்று பொருள். அது விடுபடும் வரை அந்தச் சேனல் எவருக்கும் பயன்படாது. அனைவரும் தத்தம் கருவியைப் பார்க்க வேண்டும். அழுந்திய கருவிக்கு உரியவருக்கு அந்த ஒலியோ கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கையோ கேட்காது என்பதால், அருகில் இருப்பவர்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

அலைவரிசைகள் அரசின் உரிமத்துடன் ஒதுக்கப்படுபவை. எனவே சொந்தக் கருவியைக் கொண்டுவருவதோ, இருக்கும் கருவியின் அமைப்பை மாற்றுவதோ கூடாது. ஷிஃப்ட் முடிந்ததும் கருவியைத் துடைத்து, அணைத்து, சார்ஜரில் வைத்து, பதிவேட்டில் அதன் எண்ணுக்கு எதிரே கையெழுத்திடுங்கள். கருவி தொலைந்துவிட்டது என்று தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள். டிஜிட்டல் அமைப்புகள் பலவற்றில், அந்தக் கருவி எல்லைக்குள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே தொலைவிலிருந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட முடியும்.