முகாம் முடிந்த மறுநாள்: ஊழியக் குடும்பங்கள் கிராம மருத்துவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையடிவாரக் கிராமத்தில் ஒரு நாள் முகாம் நடத்துவது சுலபம். ஷாமியானா, நாலு மேசை, பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு டாக்டர், மத்தியானம் சாம்பார் சாதம். சாயங்காலம் வேன் புறப்பட்டுவிடும். தனக்குப் பி.பி. இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்ட அம்மாவின் கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும். பதினோராம் நாள் அவர் யாரிடம் போவார்? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு முகாம் போடுகிறவர்கள் குறைவு. சபை அனுப்பி அந்த ஊரிலேயே குடியிருக்கிற ஊழியக் குடும்பத்தால், அதாவது மிஷனெரிக் குடும்பத்தால், மட்டுமே பதில் சொல்ல முடியும். ஆனால் பெரும்பாலான முகாம்களில் அவர்களுக்கு நாற்காலி போடுகிற வேலையும் பெயர் எழுதுகிற வேலையும்தான் கிடைக்கிறது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்தே கிளம்புகின்றன.

திருநெல்வேலிச் சீமையில் சபையும் ஆஸ்பத்திரியும் சேர்ந்தே வளர்ந்தவை. நாசரேத் தூய லூக்கா மருத்துவமனையையும் டோனாவூர் ஆஸ்பத்திரியையும் தெரியாதவர்கள் இங்கே இல்லை. 1903-இல் இங்கே தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம் நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல் வரை ஆட்களை அனுப்பியது. அப்போது போனவர்கள் போன இடத்தில் குடும்பத்தோடு தங்கினார்கள். அந்த வழக்கத்தை விட்டுவிட்டு வெறும் முகாமை மட்டும் எடுத்துக்கொண்டதில் நஷ்டம் கிராமத்துக்குத்தான்.

நாள் குறிக்கும்போதே வருகிற தவறு

டாக்டருக்கு வசதியான சனிக்கிழமையைக் குறித்துவிட்டு ஊருக்குச் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றும் பெண்கள் கணக்கு ஒப்படைக்கிற நேரத்தில் எந்த டாக்டர் வந்தாலும் எழுந்து வரமாட்டார்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் மத்தியானம் வரை முதியவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். ஊரில் நாலு பெண்களிடம் கேட்டுவிட்டு நாள் குறித்தால் இந்தச் சிக்கல் வராது.

மலையில் வாழும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளின் நிலை வேறு. மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. பாபநாசம் செக்போஸ்ட்டில் வந்து நின்றுகொண்டு அனுமதி கேட்பதில் பயனில்லை. அம்பாசமுத்திரம் துணை இயக்குநர் அலுவலகத்தில் வண்டி எண், ஆட்களின் பெயர், நோக்கம் எல்லாம் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். புலிகள் கணக்கெடுப்பு நாட்களில் வெளியாட்களை விடமாட்டார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டத்தில் காரையாறு சாலையே அசையாது. இஞ்சிக்குழிக்குக் காரையாறு அணையைப் படகில் கடந்து, பிறகு காட்டுக்குள் நடக்க வேண்டும் என்பதால் மருந்துப் பெட்டி ஒருவர் தோளில் சுமக்கிற எடைக்கு மேல் போகக்கூடாது. உள்ளே போனதும் முதலில் ஊர்த் தலைவரான மூட்டுக்காணியைப் பார்த்துப் பேச வேண்டும். அங்கே பச்சிலை வைத்தியம் பார்க்கும் பிளாத்தி இருப்பார். அவரை ஒதுக்கிவிட்டு நடத்தும் முகாமுக்கு அடுத்த தடவை ஆள் வராது. காய்ச்சல்காரரை எப்போது கீழே இறக்க வேண்டும் என்பதை அவரிடமே பேசி முடிவு செய்து வைத்தால், அந்த மலையில் உங்களுக்கு அவரைவிட நல்ல துணை கிடைக்காது.

பி.பி.யும் சுகரும்

ஏற்றம் ஏறி வந்தவரை உட்கார வைத்த உடனே கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். எண் கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பதிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபி, பீடி, வெற்றிலைப் புகையிலை எதுவும் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகவும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டை போட்டால் குறைவாகவும் காட்டும். இரண்டு அளவுப் பட்டையாவது இருக்கட்டும். ஒரு தடவை 150/94 வந்தது என்பதற்காக அன்றைக்கே மாத்திரை தொடங்க வேண்டியதில்லை. வேறொரு நாளும் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். அந்த இரண்டாம் நாள் அளவை எடுக்க வேண்டியது ஊரில் இருக்கிற ஊழியக் குடும்பம்தான். 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கை கால் தளர்ச்சியோ இருந்தால் மட்டும் காத்திருக்கக்கூடாது. உடனே 108.

சுகர் பார்க்கும்போது விரலை வெறும் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். கருப்பட்டியோ பழமோ தொட்ட விரல் பொய்யாகக் கூட்டிக் காட்டும். சானிடைசர் காயாத விரலும் சரியான அளவைக் காட்டாது. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடி மேசையில் வைப்பதும், சித்திரை வெயிலில் வேனுக்குள் விடுவதும் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும்.

இதையெல்லாம்விடக் கெடுதலானது, வருகிறவர் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்று பார்க்காமல் புது மாத்திரை கொடுப்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகப் பலருக்கு மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதில் கிளிபென்கிளமைடு இருக்கலாம். முகாமில் வேறு பெயரில் கிளிமிபிரைடு கொடுப்பார்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற மருந்துகள். பெட்டியின் நிறம் வேறாக இருப்பதால் பாட்டி இரண்டையும் போட்டுக்கொள்வார், விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி மயங்கி விழுவார். ஆகவே ‘வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டு வாங்க’ என்பதை முகாம் அறிவிப்பின் முதல் வரியாகவே போட்டுவிடுங்கள். கொடுக்கிற கவரில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. மருந்தின் பொதுப் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை என்பதெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள்.

உபவாச ஜெபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுகர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் மத்தியானம் வரை கூடுகையில் உட்கார்ந்திருப்பவர் ஆபத்தில் இருக்கிறார். இன்சுலின் போடுகிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவர்கள் உபவாசம் இருக்கக்கூடாது என்று போதகர் ஐயாவே மேடையில் சொல்வது நல்லது, அவர் வாயால் வந்தால்தான் கேட்பார்கள். கை நடுங்கி வேர்த்தால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சுகர் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

காய்ச்சல்: துணியை விலக்கிப் பார்க்காதது

ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்று வருகிறவருக்கு ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாடிக், பாராசிட்டமால். முகாமில் இப்படித்தான் நடக்கிறது. புதர் ஓரம் விறகு பொறுக்குகிறவர்களுக்கும் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல் வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் (மைட்) குஞ்சு கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், சுற்றி லேசாகச் சிவந்திருக்கும். அது வலிக்காது, அரிக்காது என்பதால் நோயாளியே பார்த்திருக்கமாட்டார். அக்குளில், மார்புக்கு அடியில், இடுப்புக் கயிறு பதியும் இடத்தில், தொடை இடுக்கில் ஒளிந்திருக்கும். சேலை மறைப்பு கட்டி, ஒரு நர்ஸ் அம்மா நிதானமாகப் பார்த்தால்தான் கண்ணில் படும். வழக்கமாகக் கொடுக்கிற அமாக்சிசிலினும் செஃப் வகைகளும் இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் வேண்டும், அதை டாக்டர் எழுத வேண்டும். தாமதமானால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கும். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

டெங்கு இருக்கலாம் என்கிற காலத்தில் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதையும் காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவு கூடும்.

சொறி சிரங்கு, வயிற்றுப்போக்கு, பூச்சி மாத்திரை

சொறிகிற பிள்ளைக்கு மட்டும் களிம்பு கொடுத்து அனுப்பினால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே ராத்திரி பூச வேண்டும். 5 சதவீத பெர்மெத்ரின், பெரியவருக்கு ஏறக்குறைய 30 கிராம். கழுத்திலிருந்து பாதம் வரை, விரலிடுக்கு, தொப்புள், நகத்தடி எதையும் விடாமல் பூசிவிட்டு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அதே நாளில் துணியையும் பாயையும் கொதிநீரில் நனைத்து வெயிலில் போட வேண்டும். பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு, மூன்று வாரம் இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பது எங்கும் நடக்கிறது. ஒரு லிட்டருக்கான உப்பு ஒரு டம்ளரில் போனால் குழந்தைக்குக் கெடுதல். வீட்டுச் சொம்பில் ஒரு லிட்டர் எதுவரை வரும் என்று அளந்து கோடு போட்டுக் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம். போக்கு நின்றதும் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தக்கூடாது. பூச்சி மாத்திரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே விழுங்கியாயிற்றா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்கு நசுக்கித்தான் கொடுக்க வேண்டும், முழுசாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும்.

பாம்புக்கடியும் பிரசவமும்

ஊழியர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் விஷமுறிவு மருந்து வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை வீட்டில் ஏற்றவே கூடாது. ஏற்றிய சில நிமிடத்தில் கடுமையான ஒவ்வாமை வரலாம், அப்போது அட்ரினலினும் டாக்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலும் அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்துக்குத்தான். மலையிலுள்ள குழிவிரியனுக்குப் பொருந்தாது. கயிறு கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட காலுக்கு மட்டை வைத்து அசையாமல் படுக்க வைத்து, கடித்த நேரத்தைத் தாளில் எழுதி அனுப்புங்கள். மோதிரம், மெட்டி, கொலுசை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

மலைமேல் சிக்னல் கிடைக்காது, 108 கூப்பிட்ட உடனே வராது. எனவே கர்ப்பிணியைத் தேதிக்குப் பத்து நாள் முன்பே கீழே கொண்டுவந்து தங்க வைக்க ஏற்பாடு செய்யுங்கள். வலியைக் கூட்ட ஊசி போடுகிற வேலை கிராமத்தில் ஒருபோதும் வேண்டாம். கருப்பை கிழிந்தால் தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள்.

ஜெபமும் மாத்திரையும்

ஜெபத்தில் நம்பிக்கை இருப்பதால்தான் இந்தக் குடும்பங்கள் அங்கே போகின்றன. அதனாலேயே இதைக் கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சுகமாயிட்டேன்’ என்று சாட்சி சொல்லிவிட்டு மருந்தை நிறுத்துகிறவர்களைத் தட்டிக்கொடுக்காதீர்கள். காசநோய்க்காரருக்கு இரண்டாம் மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும். கிருமி அப்போதும் உள்ளே இருக்கும். பொதுவாக ஆறு மாதம் முடிய வேண்டும், இடையில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகத் திரும்பலாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிர் போகலாம். எண்ணெய் பூசி ஜெபிப்பதென்றால் நெற்றியில் பூசுங்கள், திறந்த புண்ணில் வேண்டாம். டோக்கன் வாங்க ஜெபக்கூட்டத்தில் உட்கார வேண்டும் என்று வைப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. நோயாளிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் வசதி அங்கே இல்லை. யாரும் கேட்டுக்கொண்டால் மட்டும் ஜெபியுங்கள். அறிக்கைக்காக நோயாளியின் முகத்தைப் படம் எடுப்பதும் இதே தவறுதான்.

மருந்துப் பெட்டியும் வீடும்

நன்கொடையாக வரும் மருந்தில் காலாவதிக்கு ஆறு மாதமாவது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே மருந்தை அடுக்கினால் தேதி இருந்தும் வீரியம் போய்விடும். நல்ல காற்றோட்டமுள்ள, வெயில் படாத சுவரோரம் வையுங்கள். டாக்டர் இல்லாத நாளில் ஊழியரின் மனைவி ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுக்கும்படி யாரும் நெருக்கக்கூடாது. அவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: பி.பி. எழுதுவது, புண் கட்டுவது, மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்வது. அதற்கு முறையான பயிற்சி கொடுங்கள். ராத்திரிக் கதவு தட்டலுக்கெல்லாம் அவர் மட்டுமே எழ வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த வீட்டுப் பிள்ளைகளையும் மறக்கிறோம். நோயாளிகள் வந்துபோகும் திண்ணையும் பிள்ளைகள் படிக்கிற இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும். காசநோய்க்காரரோடு நெருங்கிப் பழகிய ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். பயன்படுத்திய ஊசிகளை மூடியிட்டு அடைக்க முயலாமல் துளைபடாத டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். கவர், பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் காட்டுக்குள் ஒன்றுகூட மிஞ்சாமல் அதே தோளில் திரும்பி வர வேண்டும்.