குரோஷியாவில் குடும்பத்தோட பாய்மரப் படகுல ஒரு வாரம்: முதல்முறை போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

குரோஷியா போட்டோஸ் போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் வருது, படகு ஓட்டத் தெரியணுமா, வயசானவங்களைக் கூட்டிட்டுப் போலாமா, சின்னப் பசங்க பயப்பட மாட்டாங்களான்னு. ஒவ்வொருத்தருக்கா பதில் போட முடியல, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். இது ஸ்ப்ளிட்ங்கிற ஊர்ல கிளம்பி பிராச், விஸ், ஹ்வார் தீவுகளைச் சுத்திட்டு ஸ்ப்ளிட்டுக்கே திரும்புற ரூட், குரோஷியாவோட டால்மேஷியா கடற்கரைப் பக்கம். ஃப்ளைட் புக் பண்றதெல்லாம் சொல்லப்போறதில்ல. விசாவுக்கு மட்டும் ஒரு வரி: 2023 ஜனவரி 1ல இருந்து குரோஷியா ஷெங்கன்ல, அதாவது ஐரோப்பிய நாடுகளோட பொது விசா ஏற்பாட்டுல இருக்கு, காசும் யூரோ ஆயிடுச்சு. பழைய பதிவுகள்ல குனாங்கிற பழைய காசுல போட்டிருக்கிற விலையைப் பார்த்து பட்ஜெட் போடாதீங்க.

ஸ்டெப் 1: படகும் ஸ்கிப்பரும்

ஆள் இல்லாம படகை மட்டும் வாடகைக்கு எடுக்கிறதை பேர்போட்னு சொல்வாங்க. அதுக்கு உங்கள்ல ஒருத்தருக்காவது அங்க செல்லுபடியாகுற லைசென்ஸும் விஹெச்எஃப் ரேடியோ சர்டிபிகேட்டும் இருக்கணும். இல்லைன்னா ஸ்கிப்பர், அதான் படகை ஓட்டுற ஆளை வச்சுக்கணும், ஒரு நாளைக்கு சுமார் 200 யூரோ, அவர் சாப்பாடும் நம்ம செலவு. என்னைக் கேட்டா லைசென்ஸ் இருந்தாலும் முதல் தடவை குடும்பத்தோட போறப்போ ஸ்கிப்பர் வச்சுக்கோங்க. ஏன்னு ஸ்டெப் 6ல புரியும்.

புக் பண்றப்போ கவனிக்க வேண்டியது, ஸ்கிப்பருக்கும் தூங்க ஒரு கேபின் வேணும். நாங்க என் வீட்டுக்காரர், நான், பசங்க ரெண்டு பேரு, அத்தை, மொத்தம் அஞ்சு பேரு, மூணு கேபின் படகே போதும்னு தோணும், ஆனா ஸ்கிப்பரையும் சேர்த்துப் பார்த்தா நாலு கேபின் வேணும். வரவேற்பறை சோபாவுல படுத்துக்குவார்னு சில இடத்துல சொல்லுவாங்க, ஒரு வாரம் பகல் பூரா படகை ஓட்டுற மனுஷனை அப்படிப் படுக்க வைக்கிறது நல்லா இல்ல, அடுப்பும் அங்கயேதான், காலைல நீங்க காபி போடவும் முடியாது.

ஒத்தை உடல் படகா, ரெட்டை உடல் கேட்டமரானான்னு அடுத்து கேப்பீங்க. வயசானவங்க இருந்தா, காசும் இருந்தா, கேட்டமரான். சாயாது, நடக்க இடம் இருக்கு, டம்ளர் வச்ச இடத்துல இருக்கும். ஆனா வாடகை கிட்டத்தட்ட டபுள், மரினாவுல, அதான் படகு நிறுத்துற துறையில, கட்டணமும் ஜாஸ்தி. நாங்க 40 அடி சொச்சம் ஒத்தை உடல் படகுதான் எடுத்தோம், பாய் விரிச்சு சாஞ்சுக்கிட்டு போற சுகம் அதுலதான் இருக்கு, இதுல என் கருத்தை மாத்திக்கிறதா இல்ல.

மாசம்: ஜூன் பாதிக்கு மேல, இல்லைன்னா செப்டம்பர். ஜூலை ஆகஸ்ட்ல விலையும் கூட்டமும் தாங்காது. பொதுவா சனிக்கிழமை சாயங்காலம் படகு கைக்கு வரும், அடுத்த சனிக்கிழமை காலைல இறங்கணும், ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலமே பேஸ் மரினாவுக்கு, அதான் படகு எடுத்த இடத்துக்கு, வந்துடணும். ஆக ஏழு நாள்னு எழுதியிருந்தாலும் ஓட்டறதுக்கு கிடைக்கிறது ஆறு நாள்தான்.

ஸ்டெப் 2: விலைப்பட்டியல்ல கீழ இருக்கிற சின்ன எழுத்து

வெப்சைட்ல காட்டுற வாடகையோட முடியாது. கடைசி நாள் கிளீனிங், சுற்றுலா வரி, டிங்கியோட (கரைக்குப் போய்வர்ற சின்னப் படகு) அவுட்போர்ட் மோட்டார், டீசல், மரினா கட்டணம் எல்லாம் தனி. இதுக்கு மேல டெபாசிட்னு கிரெடிட் கார்டுல ஒரு பெரிய தொகையை பிளாக் பண்ணுவாங்க, ஆயிரக்கணக்குல யூரோ, அதனால அந்த லிமிட் இருக்கிற கார்டை கையோட கொண்டு போங்க, டெபிட் கார்டு வேண்டாம்னு நிறைய பேஸ்ல சொல்லிடுவாங்க. டெபாசிட் இன்சூரன்ஸ்னு ஒண்ணு கேப்பாங்க, அது திரும்ப வராத காசு, இருந்தாலும் கட்டிடுங்க, ஒரு கீறலுக்கு பயந்துக்கிட்டே ஒரு வாரம் லீவு போக்குறதுல என்ன இருக்கு.

பசங்க வயசு, எடை எல்லாம் முன்னாடியே மெயில்ல அனுப்பி அந்த சைஸ் லைஃப் ஜாக்கெட் எடுத்து வைக்கச் சொல்லுங்க. ஓரக் கம்பியைச் சுத்திக் கட்டுற வலையும் கேளுங்க. ரெண்டும் அங்க போய் கேட்டா கிடைக்காமப் போகலாம்.

ஸ்டெப் 3: மூட்டை

சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். வைக்க இடம் கிடையாது. மடிச்சு சுருட்டி வைக்கிற துணிப்பை மட்டும். அதோட:

- கார்டனிங் கிளவுஸ், ரெண்டு ஜோடி
- ரப்பர் ஸ்லிப்பான் கடல் செருப்பு எல்லாருக்கும், ஏன்னா கரையோரப் பாறையில கடல் முள்ளெலி ஒட்டிக்கிட்டு இருக்கும், மிதிச்சா முள்ளு உள்ள போய் உடையும்
- துணி கிளிப், ஒரு பாக்கெட் பூரா. துண்டு பறந்து கடல்ல விழுறதை வேடிக்கை பார்த்துட்டு இருக்க முடியாது
- கார்ல போடுற 12 வோல்ட் சார்ஜர். மரினா கரண்ட் இல்லாதப்போ பிளக் பாயிண்ட் வேலை செய்யாத படகு நிறைய
- வாந்திக்கு மாத்திரை, உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு. கப்பல் ஆட ஆரம்பிச்ச பிறகு போட்டு பிரயோஜனமில்ல, கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும்

சமையலுக்கு மூணு லிட்டர் குக்கர், சாம்பார் பொடி, ரசப்பொடி, புளி வீட்டுல இருந்து. அரிசி, காய்கறி, முட்டை, தண்ணி பாட்டில் எல்லாம் ஸ்ப்ளிட்ல டோமி, கோன்சும் மாதிரி சூப்பர்மார்க்கெட்ல சனிக்கிழமையே வாங்கிடுங்க, ஞாயித்துக்கிழமை கடை திறக்கிறதுக்கு அங்க சட்டக் கட்டுப்பாடு இருக்கு. தீவுல கிடைக்கும், ஆனா விலை ஏத்தம்.

ஸ்டெப் 4: படகை கையில வாங்குறப்போ

செக்லிஸ்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வீடியோ எடுங்க, டிங்கியோட அடிப்பக்கம், பாயோட தையல், படகோட பின்பக்க ஓரம் உள்பட. அப்புறம் மூணு விஷயத்தை ஸ்கிப்பர்கிட்ட செஞ்சு காட்டச் சொல்லி பெரியவங்க எல்லாரும் பாருங்க.

ஒண்ணு, கேஸ். சமைச்சு முடிச்சதும் அடுப்பை அணைச்சா போதாது, சிலிண்டர் வால்வையும் மூடணும். இந்த கேஸ் காத்தை விட கனம், வெளிய போகாம படகோட அடிவயித்துல போய்த் தங்கிடும், அப்புறம் ஒரு பொறி போதும். ரெண்டு, ரேடியோ. ஆபத்துன்னா 16ம் சேனல், மரினாவுக்கு பெரும்பாலும் 17. ஃபோன்ல கடல் மீட்புக்கு 195. ஸ்கிப்பருக்கே உடம்பு முடியலைன்னா யார் கூப்பிடுறதுன்னு முடிவு பண்ணிக்கோங்க, எங்க வீட்டுல அது பெரியவளோட வேலை. மூணு, டாய்லெட். இதுக்கு கீழ தனியா எழுதியிருக்கேன்.

டேங்க் தண்ணி முன்னூறு நானூறு லிட்டர்தான் இருக்கும், அஞ்சாறு பேருக்கு அது ஒண்ணுமே இல்ல. குளியல் கடல்ல, அப்புறம் பின்னாடி இருக்கிற ஷவர்ல ஒரு அரை நிமிஷம். பாத்திரம் முதல் கழுவல் கடல் தண்ணில, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணில.

ஸ்டெப் 5: காத்தைப் பார்த்து நாளை பிரிக்கிறது

அங்க மூணு காத்து பேரு தெரிஞ்சா போதும். மேஸ்ட்ரால், கோடைல நல்ல வெயில் நாள்ல வடமேற்குல இருந்து வரும், முற்பகல்ல மெதுவா ஆரம்பிச்சு மதியம் ஏறி பொழுது சாய அடங்கிடும், நமக்கு வேண்டியது இதுதான். யூகோ தென்கிழக்குல இருந்து வரும், வானம் மூடும், புழுக்கமா இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள் எடுத்து அலை பெருசாகும். மூணாவது காத்து பேரே 'பூரா', அது வடகிழக்கு மலையில இருந்து திடீர்னு இறங்கும், வந்தா அன்னிக்கு மரினாவை விட்டு நகரக்கூடாது. விண்டி ஆப் பாருங்க, கூடவே குரோஷிய வானிலை மையத்தோட கடல் அறிக்கையும் பாருங்க, ரெண்டும் ஒத்துவரலைன்னா நான் அறிக்கையைத்தான் நம்புவேன். கடல் வழிக்கு நேவியானிக்ஸ்னு ஒரு மேப் ஆப், காசு கொடுத்து வாங்கினாலும் பரவால்ல. கூகுள் மேப்ஸ் தண்ணிக்கு அடியில இருக்கிற பாறையைக் காட்டாது.

ஒரு நாளைக்கு 15ல இருந்து 20 நாட்டிகல் மைல், அதுக்கு மேல போட்டா பசங்க கத்துவாங்க. ஒரு நாட்டிகல் மைல்னா 1.852 கிலோமீட்டர், படகு போறது மணிக்கு அஞ்சாறு மைல். காலைல எட்டரைக்கு கிளம்பி, நடுவுல ஏதாவது ஒரு குடாவுல நங்கூரம் போட்டு குளிச்சு சாப்பிட்டு, மதியம் ரெண்டு மூணுக்குள்ள அன்னிக்கு ராத்திரி தங்குற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துடணும். நாலு மணிக்கு மேல போனா ஜூன்லயே இடம் இருக்காது, இருந்தாலும் மேஸ்ட்ரால் உச்சத்துல அடிக்கிறப்போ பத்து படகு வேடிக்கை பார்க்க நடுவுல நுழைக்கணும்.

ஸ்டெப் 6: படகைக் கட்டுறது (இதை ரெண்டு தடவை படிங்க)

பாய் விரிக்கிறது, திருப்புறது எல்லாம் ஸ்கிப்பர் சொல்லச் சொல்ல ஒரு நாள்ல கை வந்துடும். ஆளைப் படுத்துறது நாளோட கடைசிப் பத்து நிமிஷம்தான். அங்க மரினாவுல படகை பின்பக்கமா, ரிவர்ஸ்ல கரைக்கு கொண்டு வந்து நிறுத்துவாங்க. பின்னாடி ரெண்டு கயிறு கரையோட கட்டணும், முன்னாடி மூக்கு ஆடாம இருக்க லேஸி லைன்னு ஒரு கயிறு. அந்தக் கயிறோட ஒரு முனை கரையில, மறுமுனை கடல் அடியில கான்கிரீட் கட்டையில. ஸ்கிப்பர் ஸ்டியரிங்கை விட்டு நகர முடியாது, அதனால கயிறு வேலை பூரா நம்மளதுதான்.

வரிசை இப்படி. உள்ள நுழையறதுக்கு கால் மணி நேரம் முன்னாடியே ஃபெண்டர், அதான் அந்த ரப்பர் பலூன் மாதிரி இருக்கிறது, ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுடணும். பின் கயிறு ரெண்டையும் எடுத்து, கம்பிக்கு வெளிப்பக்கமா விட்டு மேல கொண்டு வந்து சுருட்டி கையில வச்சுக்கணும். கம்பிக்கு உள்பக்கமா எறிஞ்சீங்கன்னா இழுக்குறப்போ கம்பி வளையும், டெபாசிட் போச்சு. கரையில மரினெரோன்னு ஒரு ஆள் நிப்பார், காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கத்துக் கயிறை முதல்ல அவர்கிட்ட எறியணும். அவர் அதை வளையத்துல விட்டு முனையை நம்மகிட்டயே திருப்பித் தருவார், வாங்கி கிளீட்ல, அதான் படகுல கயிறு கட்டுற கொக்கியில, சுத்திடணும்.

அடுத்து அவர் லேஸி லைனைத் தூக்கிக் காட்டுவார். இங்கதான் எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. கொக்கிக் கம்பால அதைப் பிடிச்சதும் நின்ன இடத்துலயே இழுக்கத் தோணும். இழுக்கக் கூடாது. கயிறைக் கையில தளர்வா பிடிச்சுக்கிட்டு, எல்லா கம்பிக்கும் வெளிப்பக்கமாவே விட்டுக்கிட்டு, படகோட மூக்கு வரைக்கும் நடந்துடணும். அங்க போனப்புறம்தான் முழு பலத்தோட இழுத்து கிளீட்ல கட்டணும். நடக்குறப்போ கயிறு படகுக்கு அடியில போச்சுன்னா ப்ரொபெல்லர்ல சுத்திக்கும், அதனால அதை எடுக்குறதுக்கு முன்னாடி "நியூட்ரல்?"னு கத்திக் கேட்டு, ஸ்கிப்பர் ஆமான்னு சொன்ன பிறகுதான் தொடணும். கயிறு பூரா சேறும் சிப்பியும், வெறுங்கையில பிடிச்சா அறுத்துடும். அத்தை காக்பிட்ல, அதான் படகோட பின்பக்கம் உக்கார்ற இடத்துல, உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டே பார்த்துட்டு இருந்தவங்க, "கண்ணு, அந்த சேத்துக் கயிற வெறுங்கையில தொடாத, கிளவுஸ போடு"ன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு மரினாவுலயும் கிளவுஸை எடுத்து நீட்டுறது அவங்க டியூட்டி ஆயிடுச்சு.

கரை மேல மோதப்போகுதுன்னா காலை விட்டுத் தள்ளாதீங்க. பல டன் எடை, கால் போயிடும். ஃபெண்டரை நடுவுல வைங்க. பசங்க அந்த நேரத்துல காக்பிட்ல உக்காந்தே இருக்கணும், அவங்களுக்கு வேலை வேணும்னா ஒருத்தன் காத்து திசையைப் பார்த்துச் சொல்லட்டும்.

கட்டின பிறகு கரைக்குப் போக பாஸரெல்னு ஒரு பலகை வைப்பாங்க, ஒரு அடி அகலம்தான், ஆடும். அத்தை முதல் நாள் புடவையைத் தூக்கிச் சொருகிட்டு அதுல உக்காந்தே நகர்ந்து நகர்ந்து போனாங்க. வயசானவங்களுக்கு அதுதான் சரியான முறை, வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஸ்டெப் 7: ரூட்

சனிக்கிழமை ராத்திரி பேஸ்லயே தூங்குங்க, சாயங்காலம் டயோக்லீஷியன் அரண்மனைக்குள்ள ஒரு நடை. ரோமப் பேரரசர் கட்டினது, இன்னிக்கும் அந்தச் சுவருக்குள்ள ஜனங்க குடியிருக்காங்க, துணி காயுது. அடுத்து பிராச் தீவுல மில்னா, பக்கம்தான், முதல் நாள் பழக்கத்துக்கு நல்லது. அப்புறம் விஸ். யூகோஸ்லாவிய ராணுவத் தளமா இருந்ததால 1989 வரைக்கும் வெளிநாட்டுக்காரங்களை உள்ள விடல, அதனாலயே பெரிய ஹோட்டல் எதுவும் முளைக்காம ஊர் ஊராவே இருக்கு. நீர்மூழ்கிக் கப்பலை ஒளிச்சு வைக்கக் குடைஞ்ச சுரங்கத்தைப் படகுல போறப்பவே பார்க்கலாம். பக்கத்துல பிஷெவோ தீவுல நீலக் குகை, தண்ணிக்கு அடியில இருக்கிற துவாரம் வழியா வெயில் உள்ள வந்து குகையே நீலமா எரியும், பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்குள்ள பார்க்கணும். நம்ம படகு உள்ள போகாது, அவங்க சின்னப் படகுல டிக்கெட் எடுத்துத்தான் போகணும், அலை இருந்தா மூடிடுவாங்க.

ஹ்வார் டவுன்ல ராத்திரி தங்காதீங்க. சத்தம், கூட்டம், அலை. எதிர்ல பாக்லெனி தீவுக்கூட்டத்துல பால்மிஷானா மரினாவுல கட்டிட்டு வாட்டர் டாக்ஸில போய்ட்டு வந்துடலாம். ஹ்வார் தீவுக்கு அந்தப் பக்கம் ஸ்டாரி கிராட், கி.மு. 384ல கிரேக்கர்கள் குடியேறின ஊர், அவங்க கல்லு வச்சுப் பிரிச்ச வயல்ல இன்னமும் திராட்சையும் ஆலிவும் விளையுது. எனக்கு இந்த ரூட்லயே பிடிச்சது இதுதான்.

குடாவுல கொனோபான்னு சின்ன சாப்பாட்டுக் கடைங்க இருக்கும், அங்க சாப்பிட்டா அவங்க மிதவையில படகை சும்மாவே கட்டிக்கலாம்னு பல இடத்துல விடுவாங்க. சைவம்னா முதல்லயே ஃபோன்ல சொல்லிடுங்க.

அப்டேட் 1: டாய்லெட் பத்தி கமெண்ட்ல மூணு பேரு ஒரே பிரச்சனையை எழுதியிருக்காங்க, அடைச்சுக்கிச்சுன்னு. கைப்பம்பு டாய்லெட்ல பேப்பர் போடாதீங்க, ஒரு துண்டு கூட. பேப்பருக்கு தனி கவர். லீவரை தண்ணி பக்கம் வச்சு பதினஞ்சு தடவை அடிங்க, அப்புறம் டிரை பக்கம் வச்சு பத்து. கழிவு டேங்க்கை மரினாவுலயோ குடாவுலயோ திறக்காதீங்க, கரையை விட்டு நல்லா தள்ளிப் போன பிறகுதான், அதையும் ஸ்கிப்பர்கிட்ட கேட்டுட்டு.

அப்டேட் 2: கேபின் ஜன்னலை மூடாம பாய் விரிச்சு மெத்தை நனைஞ்சுடுச்சுன்னு ஒரு தோழி. கிளம்பறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் எல்லா ஹேட்ச்சையும் கையால தொட்டுப் பார்த்து வரணும். "மூடியாச்சா"ன்னு கேட்டா எல்லாரும் மூடியாச்சுன்னுதான் சொல்லுவாங்க.

அப்டேட் 3: வெள்ளிக்கிழமை டீசல். டேங்க்கை நிரப்பித்தான் திருப்பிக் கொடுக்கணும், பேஸ்ல இருக்கிற எல்லா படகும் அன்னிக்கு சாயங்காலம் அதே பங்க்குக்குத்தான் வரும், க்யூல ரெண்டு மணி நேரம் கடல்லயே சுத்திக்கிட்டு நிக்கணும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே போட்டுட்டு, அப்புறம் பக்கத்துல எங்கயாவது கடைசிக் குளியல் போட்டுட்டு உள்ள வாங்க. பில்லை பத்திரமா வைங்க, செக்அவுட்ல கேப்பாங்க.